ஒட்டுத் தெரியும் நீலம்

அச்சின் பாதை – 17

பழம்பொருள் கடையில் நீல-வெள்ளைத் தட்டு ஒன்றைக் கையில் எடுக்கும் விவரமறிந்தவர் நடுவிலுள்ள படத்தை முதலில் பார்ப்பதில்லை. தட்டைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றி மெதுவாக விரலை ஓட்டுவார். எங்கோ ஓரிடத்தில் கொடி சட்டென்று முறியும். பாதிப் பூவுக்குப் பக்கத்தில் வேறொரு பாதிப் பூ, ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். கட்டம் போட்ட சட்டையில் பையைத் தைத்தவர் கட்டத்தைப் பொருத்தத் தவறினால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்த இடத்தைக் கண்டதும் அவர் முகம் மலரும். தூரிகையால் வரைந்த தட்டில் கொடி இப்படி முறியாது. இது அச்சிட்ட தாளை வெட்டி ஒட்டிய தட்டு.

சென்ற இதழில் செப்புத் தகட்டில் கோடு இழுத்த கைகளைப் பார்த்தோம். அந்தக் கோடுகள் தாளைவிட்டு இறங்கிப் பீங்கானில் குடியேறிய கதை இந்த வாரம். சீனத்து ஜாடியில் தொடங்கி, இங்கிலாந்தின் பட்டறைகளில் தடம் மாறி, இன்றைய அச்சோவியர்களின் மேசைக்கு வந்து சேரும் கதை. வழியில் பாரசீகம் உண்டு, பம்பாய் உண்டு, நம் கடற்கரையும் கொஞ்சம் உண்டு.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 95ஆம் அறையில் ஒரு ஜோடி ஜாடிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரம். கழுத்தின் இருபுறமும் யானைத் தலைகள் கைப்பிடியாகத் துருத்திக்கொண்டிருக்கும். மேலிருந்து கீழாகச் செவ்வந்திக் கொடி, வாழையிலை, மேகங்களுக்கு நடுவே ஃபீனிக்ஸ் பறவை, தாமரை, நான்கு நகம் கொண்ட டிராகன், அலை, பியோனிப் பூ என்று பட்டை பட்டையாக நீல ஓவியம். கழுத்தில் ஒரு வாசகமும் இருக்கிறது. ஜாங் வென்ஜின் என்ற பக்தர் குடும்ப நலம் வேண்டி, ஒரு தூபக் கலத்தையும் இந்த இரண்டு ஜாடிகளையும் தாவோ கோயில் ஒன்றுக்குக் காணிக்கை கொடுத்திருக்கிறார். ஆண்டு 1351. தூபக் கலம் கிடைக்கவில்லை. நேர்த்திக்கடனுக்கு அவர் தேதி போட்டு வைத்ததால்தான், நீலம் தீட்டிய பீங்கான் 14ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இவ்வளவு முதிர்ந்த கலையாக இருந்தது என்று பின்னால் வந்தவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது.

இரண்டையும் தனித்தனியாகத் தேடி வாங்கிச் சேர்த்துவைத்தவர் சர் பெர்சிவல் டேவிட். பாக்தாத் யூதக் குடும்பத்தில், 1892இல் பம்பாயில் பிறந்தவர். அவர் பெயராலேயே அவை இன்று ‘டேவிட் ஜாடிகள்’ எனப்படுகின்றன. சீனக் கோயிலுக்குப் போன காணிக்கை பம்பாய்க்காரர் ஒருவரின் பெயரோடு லண்டனில் இருக்கிறது என்பதே ஒரு கதைதான். ஆனால் கலப்பு அங்கே தொடங்கவில்லை. அது ஜாடியின் நீலத்திலேயே இருக்கிறது.

அந்த நீலம் சீனத்து மண்ணில் விளைந்ததல்ல. ஈரானில் காஷான் நகரை ஒட்டிய மலைகளில் வெட்டிய கோபால்ட் தாது, வணிகர்களின் கை மாறி ஜிங்தெஜென் நகரத்துச் சூளைகளுக்கு வந்தது. சீனாவை அப்போது ஆண்டவர்கள் யுவான் மரபின் மங்கோலியர். பெரிய தட்டையும் பெரிய ஜாடியையும் விரும்பி வாங்கியவர்களில் மேற்காசிய இசுலாமியர் ஏராளம். இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் சேர்ந்தன. ஈரானின் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபில் திருத்தலத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான்களைக் கொடையாக அளித்தார். மண் சீனாவுடையது, நிறம் பாரசீகத்துடையது, சந்தை பாதி உலகத்துடையது. டேவிட் ஜாடியைத் தீட்டிய ஓவியர் பண்பாடுகளைக் கலக்கவேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தவரல்ல. கைக்கு வந்த நிறத்தைக் கொண்டு வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

இப்படி மூன்று திசைகள் நமக்குப் பக்கத்தில் ஒரு கல்லிலும் ஒன்று சேர்ந்தன. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே கொண்டுவந்து இலங்கையின் காலியில் நிறுத்திய கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீக வாசகம் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. சீன வாசகத்திலுள்ள ஆண்டு 1409. மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்த அதை 1911இல் அடையாளம் கண்டார்கள். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபோரு கராஷிமாவும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் தேடியபோது, பச்சை மெருகிட்டதும் வெண்மையானதும் நீலம் தீட்டியதுமாகச் சீனப் பாண்டத்தின் ஓடுகள் மண்ணிலிருந்து வந்தன. அந்தச் சரக்கை இறக்கிய துறையில்தான் ‘பீங்கான்’ என்ற சொல்லும் இறங்கியிருக்கவேண்டும். சீனாக்காரன் பாண்டத்துக்குத் தமிழன் வைத்துக்கொண்ட பெயர் பாரசீகச் சொல்.

பெயர்கள் இப்படித்தான் ஊரைச் சொல்லாமல் வழியைச் சொல்கின்றன. கறுப்பு அரக்குப் பூசிச் செதுக்கிய சீன மடக்குத்திரைகளுக்கு ஐரோப்பாவில் ‘கோரமண்டல்’ திரை என்று பெயர். அவற்றில் நம் சோழமண்டலக் கரையின் கைவேலை ஒரு துளிகூடக் கிடையாது. கப்பல் மாறியது மட்டும் இங்கே. செப்புத் தகட்டின் முதல் படிகளை எடுக்க ஆங்கிலேய அச்சுக்காரர்கள் விரும்பிய மெல்லிய சீனத் தாளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இந்தியா பேப்பர்’. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் வந்ததே காரணம். பிரெஞ்சுக்காரர்கள் அதே தாளைச் சரியாகச் ‘சீனா’ என்றே அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மீண்டும் வருவோம்.

சீன ஜாடியைப் பார்த்து அச்சோவியம் செய்கிறவர்களில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஜாடி அச்சுக்கு வருமுன்பே, அச்சு ஜாடிக்குப் போயிருந்தது.

2005 ஜூலையில் லண்டனில் ஓர் ஏலம். யுவான் காலத்துக் குட்டையான நீல-வெள்ளை ஜாடி ஒன்று 1.5 கோடி பவுண்டுக்கும் மேல் போயிற்று. அதைச் சுற்றி, குயிகுசி என்ற முனிவர் புலியும் சிறுத்தையும் பூட்டிய வண்டியில் மலையிறங்கி வரும் காட்சி. எதிரியிடம் பிடிபட்ட மாணவனை மீட்கப் போகிறார். அந்தக் காட்சியின் அமைப்பு, 1320களின் தொடக்கத்தில் ஃபூஜியான் மாகாணத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட கதைப் புத்தகத்தின் படத்தோடு நெருங்கி ஒத்துப்போகிறது. மலிவுப் பதிப்பில் வந்த கறுப்பு-வெள்ளைப் படம், பாண்டத்தில் ஏறி உருண்டு, தொடக்கமும் முடிவும் இல்லாத காட்சியாகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் இந்தப் போக்குவரத்து இன்னும் பெருகியது. ‘மேற்கு அறை’ என்ற சீன நாடகத்தின் அச்சுப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஜிங்தெஜென் ஓவியர்கள் ஜாடிகளைத் தீட்டித் தள்ளினார்கள். மின் சிஜி என்ற பதிப்பாளர் அதே நாடகத்துக்கு 1640இல் வெளியிட்ட வண்ண அச்சுத் தொகுதி ஜெர்மனியின் கொலோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு காட்சி சுருள் ஓவியத்தில் நடக்கிறது, ஒன்று வெண்கலக் கலத்தின் மேல், ஒன்று சுழலும் விளக்கில், ஒன்று பொம்மலாட்ட மேடையில். பாண்டத்துக்கு அச்சு மாதிரி கொடுத்தது போக, அச்சுக்குப் பாண்டமே மேடையாகிவிட்டது. தாளில் அச்சிட்ட ஜாடியைப் புதுமை என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொகுதியை ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஐரோப்பாவுக்குச் சீனப் பீங்கான் வெள்ளமாகப் பாய்ந்ததற்குக் கடற்கொள்ளையும் ஒரு காரணம். 1603இல் சிங்கப்பூர்க் கடலில் ‘சாந்தா கத்தரீனா’ என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதிலிருந்த சரக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பீங்கான்கள். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போட்டபோது ஊரே திரண்டது. 1640களில் மிங் அரசு சரிந்து சரக்கு நின்றபோது, டெல்ஃப்ட் நகரக் குயவர்கள் உள்ளூர் மண்ணுக்கு வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு போட்டு, நீலத்தில் சீனக் காட்சிகளை வரைந்து விற்றார்கள். அவர்களும் கையால்தான் வரைந்தார்கள்.

கையை ஓரம் தள்ளியது இங்கிலாந்து. 1756 ஆகஸ்டில் லிவர்பூலின் ஜான் சாட்லரும் கை கிரீனும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். தாங்கள் இருவருமே, வேறு ஆள் துணையின்றி, ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் பதித்துவிட்டதாக அதில் சத்தியம் செய்திருந்தார்கள். 1784இல் தேயிலை வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 ஆக இறங்கியது. வீட்டுக்கு வீடு தேநீர் வந்தது, கோப்பையும் தட்டும் வேண்டியதாயிற்று. அதே ஆண்டுகளில் ஸ்டோக் நகரத்தில் ஜோசயா ஸ்போட், மெருகுக்கு அடியில் நீல அச்சைப் பதிக்கும் முறையை மண்பாண்டத்தில் செம்மைப்படுத்தினார். 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. ஆங்கிலேயப் பட்டறைகளுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

அந்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

செதுக்குபவர் செப்புத் தகட்டில் கோட்டாலும் புள்ளியாலும் படத்தை வெட்டுவார். நீலம் அடர்ந்து தெரியவேண்டிய இடத்தில் ஆழமாக, வெளிறவேண்டிய இடத்தில் மேலோட்டமாக. தகட்டை அடுப்பின் மேல் சூடாக்கி, காய்ச்சிய எண்ணெயில் குழைத்த கோபால்ட் மையை அதில் தேய்த்து ஏற்றி, மிச்சத்தை வழித்துத் துடைப்பார் அச்சுக்காரர். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய டிஷ்யூ தாளை அதன்மேல் விரித்து உருளைக்கு நடுவே விட்டு எடுத்தால் படம் தாளுக்கு வந்துவிடும். அடுத்து வெட்டும் சிறுமி. பூக்கொடியைத் தனியாக, நடுப்படத்தைத் தனியாக அவள் கத்தரித்துக் கொடுப்பாள். ஒட்டும் பெண், ஒருமுறை சுட்ட, இன்னும் மெருகு போடாத பாண்டத்தில் மை பக்கம் உள்ளே இருக்கும்படி அதை வைத்து, சோப்புத் தொட்ட முரட்டுத் தூரிகையால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். பிறகு பாண்டத்தைத் தண்ணீரில் இறக்கினால் தாள் நெகிழ்ந்து மிதந்துவிடும், நீலம் மட்டும் நிற்கும். லேசான சூட்டில் எண்ணெயை எரித்துவிட்டு, மெருகில் முக்கி, மீண்டும் சூளை. பபிள்கம்மோடு வரும் படத்தைத் தண்ணீர் தொட்டுக் கையில் ஒட்டித் திரிந்த பிள்ளைகளுக்கு இந்த வித்தை புதிதல்ல.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. தாளில் அச்சிடுகிறவர் எப்போதும் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித்தான் தகட்டில் செதுக்கவேண்டும், எழுத்தானால் தலைவேதனை. பாண்டத்துக்குச் செதுக்குகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. தகட்டிலிருந்து தாளுக்கு வரும்போது ஒருமுறை திரும்பும் படம், தாளிலிருந்து பாண்டத்துக்குப் போகும்போது மறுபடி திரும்பி நேராகிவிடும். திரும்பிய உருவம் நடுவில் இருக்கும் அந்தத் தாளில் மட்டுமே இருக்கிறது. அந்தத் தாளைத்தான் கழுவிவிடுகிறார்கள். இத்தனை கோடித் தட்டுகளுக்குப் பின்னால் இத்தனை கோடி அச்சுத் தாள்கள் தொட்டியில் கரைந்து போயிருக்கின்றன.

உருண்ட பாண்டம் என்றால் சிறுமியின் வேலை இன்னும் கடினம். தட்டையான தாள் ஜாடியின் வயிற்றில் ஒழுங்காகப் படியாது, மடிப்பு விழும். ரவிக்கையில் டார்ட் பிடிப்பதுபோல எங்கே கத்தரித்து எங்கே ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தட்டின் பின்புறத்தில் நிறுவனத்தின் முத்திரை இருக்கும். அந்தப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை. விளிம்பில் கொடி முறிகிறதே, அந்த இடத்தில் அவர்களுடைய கத்தரிக்கோலின் தடம் இருக்கிறது. ஸ்டோக் நகரத்தின் மிடில்போர்ட் பட்டறையில் பர்லே நிறுவனத்தார் இன்றும் இதே டிஷ்யூ தாள் முறையில் அச்சிடுகிறார்கள். அங்கே இந்தக் கைகளை நேரில் பார்க்கலாம்.

இந்த முறையில் பிறந்தவற்றுள் உலகெங்கும் பரவியது ‘வில்லோ’ படம். 1790ஐ ஒட்டி ஸ்போட் பட்டறையில் அது இன்றைய உருவத்தைப் பெற்றது. நடுவில் தலைசாய்ந்த அலரி (வில்லோ) மரம், ஒரு மாளிகை, ஒரு பாலம், பாலத்தின் மேல் மூன்று பேர், ஒரு படகு, வானில் இரண்டு பறவைகள், முன்னால் கோணல்மாணலாக ஒரு வேலி. சீனத் தட்டுகள் பலவற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து ஆங்கிலேயச் செதுக்குநர்கள் கோத்த காட்சி அது. இப்படியொரு காட்சி சீனாவில் எந்தத் தட்டிலும் முழுதாக இருந்ததில்லை. 1849இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை அதற்குக் கதையும் கட்டியது. பெரிய அதிகாரியின் மகள் கூங்-சே, எழுத்தர் சாங்கைக் காதலித்து ஓடிப்போகிறாள். பாலத்தில் துரத்தி வருபவர் அப்பா. இருவரும் இறந்து புறாக்களாகிறார்கள். கதையைக் கேட்டவர்கள் அது ஆயிரமாண்டுச் சீனப் பழங்கதை என்றே நம்பினார்கள். பிறகு சீனக் குயவர்களே இந்த ஆங்கிலப் படத்தைப் பார்த்துக் கையால் வரைந்து ஏற்றுமதி செய்தார்கள், ஜப்பானியர்களும் செய்தார்கள்.

இதைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. படத்திலிருந்து படம் எடுப்பவன் கை ஒவ்வொரு முறையும் எதையாவது தவறவிடும், தனக்குத் தெரிந்த எதையாவது சேர்த்துவிடும். டெல்ஃப்ட் குயவனின் சீனர்கள் டச்சுக்காரர்களைப் போல் தடித்துப்போனார்கள். ஸ்போட்டின் அலரி மரத்தில் ஆங்கிலத் தோட்டத்தின் சாயல் ஏறியது. பண்பாடுகள் ஒன்றோடொன்று கலந்தது பெரும்பாலும் இந்தத் தவறுகளின் வழியேதான். கண்டிக்கவேண்டியது ஒன்றுதான்: அந்த இல்லாத சீனாவைத் தட்டில் வைத்துக்கொண்டே, 1840இல் அபினிக்காக இருக்கிற சீனாவின் மேல் போர்க்கப்பலை அனுப்பியது.

இனி இன்றைய மேசைக்கு வருவோம். சீன ஜாடியிலிருந்து அச்சோவியம் ஒன்றை உருவாக்க உட்காருகிறவருக்கு முதல் சிக்கலே ஜாடிக்கு ஓரம் கிடையாது என்பதுதான். தாளுக்கு நான்கு ஓரம் உண்டு. ஜாடியின் வெளிவடிவத்தை மட்டும் வரைந்து உள்ளே பூவேலையை நிரப்புவது எளிய வழி. அப்படிச் செய்த படங்களில் முக்கால்வாசி கடைக் காட்சிப் பெட்டியில் வைத்த பொருளாக நின்றுவிடுகின்றன. ஒருபக்கம் டிராகன், மறுபக்கம் மாங்காய்க் கோலம் என்று வைத்து அதைப் பண்பாட்டுக் கலப்பு என்று சொல்வதும் இந்த வகைதான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றையொன்று தொடவில்லை.

ஜாடியை மனத்தில் உரித்துத் தாளில் விரிப்பது இன்னொரு வழி. எங்கே கத்தி வைப்பது என்ற கேள்வி உடனே வந்துவிடும். முனிவரின் வண்டிக்கு முன்னால் வெட்டினால் அவர் புறப்படுகிறார், பின்னால் வெட்டினால் வந்து சேர்கிறார். டேவிட் ஜாடியைப் போலப் பட்டை பட்டையாக அமைந்த பாண்டத்துக்கு லினோகட் நன்றாக வசப்படும். ஒவ்வொரு பட்டையையும் தனி லினோ துண்டில் வெட்டி வைத்துக்கொண்டால் அலையை மேலேற்றலாம், டிராகனைத் தலைகீழாக்கலாம், ஒரு பட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் ஊர்ப் புடவையின் கரையை வைக்கலாம். கரை மேலும் கீழும் உள்ள பட்டைகளோடு ஒத்துப்போகிறதா, உறுத்துகிறதா என்பது முதல் படி எடுத்த நிமிடமே தெரிந்துவிடும்.

நீலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு அக்வாடின்ட். ஜிங்தெஜென் ஓவியர்கள் கோட்டோவியத்துக்குள் கோபால்ட் நீரைத் தேக்கி, ஒரே நிறத்தில் நாலைந்து அடர்த்தி காட்டுவார்கள். அந்த வேலைக்கு அவர்கள் மொழியில் ‘நீர் பிரித்தல்’ என்று பெயர். அக்வாடின்டில் செப்புத் தகட்டின் மேல் குங்கிலியத் தூளைப் படியவைத்து உருக்கி, அமிலத்தில் எத்தனை நிமிடம் விடுகிறோமோ அந்த அளவுக்கு நீலம் அடரும். அந்தப் பெயரிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் பீங்கானின் நீலம் கண்ணாடி போன்ற மெருகுக்கு அடியில் கிடக்கும், தாளின் நீலம் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த ஆழத்தைத் தாளில் கொண்டுவர, மெல்லிய மையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று முறை ஏற்றவேண்டும். இல்லையென்றால் முன்பு தள்ளிவைத்த ‘சீனா’ என்ற சொல்லுக்குப் போகலாம்: ‘ஷீன் கொல்லே’. ஒட்டிய சீனா என்று பொருள். தகட்டின் அளவுக்கு வெட்டிய மெல்லிய ஆசியத் தாளுக்குப் பின்னால் பசை தடவி, கனமான தாளோடு சேர்த்து உருளைக்குள் விட்டால், அந்த ஒரே அழுத்தத்தில் மெல்லிய தாள் படத்தை வாங்கிக்கொண்டு கனத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய தாளின் லேசான மினுமினுப்பு பீங்கானின் தோலை நினைவூட்டும். ஓரத்தைத் தொட்டுப்பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவே ஒரு நூலிழை உயரம் தட்டுப்படும்.

அச்சைத் தாளிலேயே நிறுத்தாமல் பாண்டத்துக்குத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஹாங்காங்கில் பிறந்து, கனடாவுக்குப் புலம்பெயர்ந்து, நியூயார்க்கில் கற்பிக்கும் சின்-யிங் ஹோ, ஜிங்தெஜெனில் ஜாடிகளைச் செய்கிறார். துண்டு துண்டாகச் சேர்த்த ஜாடியில் ஒரு துண்டில் கையால் தீட்டிய பழைய கோபால்ட் பூ, அடுத்த துண்டில் கணினியில் உருவாக்கி அச்சிட்டு ஒட்டிய படம். ஒட்டை மறைக்க அவர் முயல்வதில்லை. பிரிட்டிஷ் கலைஞர் ராபர்ட் டாசன் 1990களில் வில்லோ படத்தை எடுத்து, மேசையின் ஓரத்திலிருந்து பார்ப்பதுபோல் சாய்த்தும் இழுத்தும் வெள்ளைத் தட்டுகளில் அச்சிட்டார். பழகிப்போன படம் அந்நியமாகிவிடுகிறது. ஜிங்தெஜெனிலோ இன்று நீலப் பூக்கொடியும் பறவையும் அச்சிட்ட மெல்லிய தாள்களே விற்பனைக்குக் கிடைக்கின்றன. உலகெங்குமுள்ள சிறு குயவர்கள் அவற்றை வாங்கி, ஈரம் தொட்டு, தங்கள் கோப்பையில் ஒட்டுகிறார்கள். ஸ்டோக் நகரத்துச் சிறுமியின் கத்தரிக்கோல் வேலை கொல்லத்திலோ கலிபோர்னியாவிலோ ஒரு வீட்டு அறையில் தொடர்கிறது.

இவர்கள் எல்லோரிலும் வில்லோ தட்டோடு நெடுங்காலம் வாழ்ந்தவர் பால் ஸ்காட். வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியாவில் வசிப்பவர், பீங்கானும் அச்சும் சேரும் இடத்தைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். பழைய நீலத் தட்டுகளைத் தேடி வாங்குவார். தன் புதிய படத்தை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் தாளில் அச்சிட்டு, அதை வெட்டி அந்தப் பழைய தட்டின் மேல் ஒட்டி, மறுபடி சூளையில் வைப்பார். அந்தப் படைப்புகளுக்குக் ‘கம்பிரிய நீலங்கள்’ என்று பொதுப்பெயர். ஆறும் மாளிகையும் இருந்த இடத்தில் அணு உலையும் காற்றாலையும் வந்து நிற்கும். சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யும் உடனிருந்தவர்களும் 2011இல் சீனாவில் பிடித்துவைக்கப்பட்ட பின், அவர்கள் பெயரிலும் ஒரு வில்லோவைச் செய்தார்.

2004 பிப்ரவரி 5ஆம் தேதி இரவு. ஸ்காட்டின் வீட்டுக்குத் தெற்கே, மோர்கம் விரிகுடாவின் ஈர மணலில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள் சீனத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் ஃபூஜியான் மாகாணத்தவர், முறையான ஆவணமின்றி வந்தவர்கள். அந்தக் கடலின் ஏற்றம் எவ்வளவு வேகமாக வந்து சூழும் என்று அவர்களை வேலைக்கு வைத்தவர்கள் சொல்லித்தரவில்லை. குறைந்தது 21 பேர் மூழ்கிப் போனார்கள். இறக்குமுன் கைபேசியில் ஊருக்குப் பேசியவர்களும் அவர்களில் உண்டு. குழுவை நடத்தியவர் பின்னால் குற்றவாளி என்று தீர்ப்பானது. கூலிக்கு ஆள் பிடிப்போரைக் கட்டுப்படுத்த அதே ஆண்டு பிரிட்டன் சட்டம் இயற்றியது.

ஃபூஜியான் என்ற பெயர் இந்தக் கட்டுரைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. முனிவர் மலையிறங்கும் படத்தை மரக்கட்டையில் அச்சிட்ட மாகாணம் அது. அதன் துறைமுகமான சுவான்ஜோவிலிருந்துதான் பீங்கான் ஏற்றிய கப்பல்கள் மேற்கே புறப்பட்டன. தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டி 1281இல் கல்வெட்டும் வெட்டிவைத்தார்கள்.

ஸ்காட் 2007இல் ஒரு தட்டைச் செய்தார், ‘மட்டி பொறுக்குவோர் வில்லோ’ என்று பெயர் வைத்தார். கீழே இருப்பது 19ஆம் நூற்றாண்டின் பழைய வில்லோ தட்டு. இருநூறு ஆண்டுகளாக ஆங்கிலேயச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பாலத்தின் மேல் மூன்று சீனர்கள் ஓடிக்கொண்டேயிருந்தார்கள். இறைச்சியையும் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டவர்களுக்கு அவர்கள் யாரென்று கேட்கத் தோன்றியிருக்காது, பெயரே கதைக்காரர் வைத்ததுதானே. இப்போது அதே தட்டில், உயிரோடு வந்து உயிர்விட்ட சீனர்களுக்காக ஒரு அச்சுத் தாள் ஒட்டப்படுகிறது.

பழைய தட்டை மறுபடி சுடுவது ஆபத்தான வேலை. நூறாண்டுக்கும் மேலாக விரிசல்கள் வழியே ஊறிய ஈரமும் எண்ணெயும் சூட்டில் கிளம்பி மெருகைக் கொப்புளமாக்கலாம், கறை ஏற்றலாம், தட்டே பிளந்து போகலாம். சூட்டை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போகவேண்டும். ஒரு கட்டத்தில் பழைய மெருகு இளகத் தொடங்கும். மேலே ஒட்டிய புதிய நீலம் அப்போது அதற்குள் அமிழ்ந்து, 1840களின் நீலத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சூளை ஆறிய பிறகு விரலை ஓட்டினால் இரண்டும் ஒரே வழுவழுப்பு. கண்ணுக்கு மட்டும் ஒட்டுத் தெரியும்.

(தொடரும்)